தோற்ற ஆட்டத்தின் பெருமை

பெரம்பலூரில் ஒரு புதுமனை புகுவிழா. பந்தி முடிந்து, வெற்றிலைத் தட்டைச் சுற்றி நாலைந்து பேர் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். சின்ன வெங்காயம் விற்கும் விலையைப் பற்றியோ, வரப்போகும் தேர்தலைப் பற்றியோ பேசுவார்கள் என்று நான் நினைத்தேன். பேச்சு எப்படியோ சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒருவர், 1999-ல் சச்சின் டெண்டுல்கர் அவுட்டான பந்தைத் தாம்பாளத்தில் கிடந்த எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு சுழற்றிக் காட்டினார். இன்னொருவர், 1987 உலகக் கோப்பையில் ஒரு ரன்னில் போன ஆட்டத்தைச் சொல்லிப் பெருமூச்சு விட்டார். அரியலூரிலிருந்து வந்திருந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், 1986-ஆம் வருஷத்து ‘டை’யை இழுத்தார். அரை மணி நேரம் இப்படியே போயிற்று.

அந்த வீட்டின் அப்பாயிக்கு எண்பது வயதுக்கு மேல். சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்து பாக்கு இடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் என்னைப் பார்த்து, “ஏன் தம்பி, இவ்வளவு நேரமும் தோத்த கதையாவே பேசுறாங்களே, நம்ம ஆளுங்க அங்க ஜெயிச்சதே கெடையாதா?” என்றார்.

எல்லாரும் சிரித்தார்களே தவிர, பதில் சொன்னவர் ஒருவரும் இல்லை.

யோசித்துப் பார்த்தால் கேள்வி நியாயமானதுதான். ஜெயித்ததற்கு என்ன குறைச்சல்? இந்தியா டெஸ்ட் ஆட்டத்தில் முதல் முதலாக ஜெயித்ததே சேப்பாக்கத்தில்தான்! அப்படியிருக்க, அந்த மைதானத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் ஜனங்கள் ஏன் 12 ரன்னில் தோற்றதையும், ஒரு ரன்னில் தோற்றதையும், ஜெயிக்காமலும் தோற்காமலும் நின்றதையும் இத்தனை ஆசையாகச் சொல்கிறார்கள்?

பெரம்பலூருக்கும் சேப்பாக்கத்துக்கும் நூற்றெழுபது மைலாவது இருக்கும். ஆனால் சரித்திரத்தில் ஒரு சின்ன உறவு உண்டு. பெரம்பலூருக்கு வடக்கே, நெடுஞ்சாலையை ஒட்டி ரஞ்சன்குடிக் கோட்டை நிற்கிறதல்லவா? அந்த வட்டாரத்தில்தான், வாலிகண்டபுரத்துப் பக்கம், கர்நாடக நவாப் பதவிக்காக 1751-ல் முகம்மது அலியும் சந்தா சாகிபும் மோதினார்கள். ஒருவருக்கு ஆங்கிலேயர் துணை, மற்றவருக்குப் பிரெஞ்சுக்காரர் துணை. பிற்பாடு நவாபாக நிலைத்த அந்த முகம்மது அலிதான் 1768-ல் சேப்பாக்கத்தில் கடலைப் பார்த்து அரண்மனை கட்டிக்கொண்டவர். நவாபுகளின் காலம் 1855-ல் முடிந்தது. அரண்மனை அரசாங்கத்தின் கைக்குப் போயிற்று. அடுத்த பத்து வருஷத்துக்குள் அந்த வளாகத்தை ஒட்டிய வெளியில் வெள்ளைக்காரத் துரைமார்கள் மட்டையும் பந்துமாக வந்துவிட்டார்கள். 1846-ல் ஆரம்பித்த மதராஸ் கிரிக்கெட் கிளப் 1865-ல் இங்கே குடியேறியது.

அந்த நாளில் அது துரைமார்களின் மைதானம். இந்தியர் ஆட வந்தால் ஆடலாம்; ஆனால் பகல் சாப்பாட்டு வேளையில் துரைமார்கள் பெவிலியனுக்குள் போவார்கள், நம்மவர் மரத்தடிக்குப் போக வேண்டும். இதைப் பொறுக்க மாட்டாமல் புச்சி பாபு நாயுடு என்ற செல்வந்தர் 1888-ல் மதராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். சண்டை போடவில்லை, மனுப் போடவில்லை. நம் பிள்ளைகளுக்கு மட்டையும் பந்தும் வாங்கிக் கொடுத்து, துரைமார்களை ஆட்டத்துக்குக் கூப்பிட்டார். ஐரோப்பியருக்கும் இந்தியருக்கும் சேப்பாக்கத்தில் பந்தயம் என்று 1908-ல் ஏற்பாடாயிற்று. ஆனால் ஆட்டத்துக்குச் சில நாள் முன்பு புச்சி பாபு காலமாகிவிட்டார். அந்தப் பந்தயம்தான் பிறகு பொங்கல் பண்டிகையோடு சேர்ந்துகொண்டது. கரும்பு, மஞ்சள் கொத்து, சேப்பாக்கத்தில் மாட்ச் என்று பட்டணத்து வீடுகளில் ஒரு வழக்கமே உண்டாகிவிட்டது.

முதல் டெஸ்ட் ஆட்டம் 1934 பிப்ரவரியில் நடந்தது. ஜார்டின் தலைமையில் வந்த இங்கிலாந்து 202 ரன்னில் ஜெயித்தது. வெரிட்டி 11 விக்கெட் எடுத்தார்; நம் பக்கத்தில் அமர் சிங் ஒரே இன்னிங்ஸில் 7 விக்கெட் எடுத்தார். அதே வருஷம் நவம்பர் 4-ஆம் தேதி ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம், மதராஸுக்கும் மைசூருக்கும், இங்கேதான் நடந்தது. மூன்று நாள் ஆட வேண்டியது ஒரே நாளில் முடிந்துபோயிற்று! மைசூர் 48-க்கும் 59-க்கும் சுருண்டது. மதராஸ் எடுத்ததே 130 தான். அதுவே இன்னிங்ஸ் வெற்றிக்குப் போதுமாயிருந்தது. மதராஸ்வாசியான சீக்கியர் ஏ.ஜி. ராம் சிங் அன்று ஒரு நாளில் 11 விக்கெட் எடுத்தார். அவருக்கு டெஸ்ட் ஆடும் பாக்கியம் கடைசிவரை கிடைக்கவில்லை. அவர் பிள்ளைகள் கிருபாலும் மில்காவும் ஆடினார்கள்.

ரஞ்சியின் முதல் பந்தை வீசியவர் எம்.ஜே. கோபாலன். இவர் கதையைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. ஹாக்கியிலும் இவர் சூரர். 1936-ல் ஒரு பக்கம் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கிக்கு அழைப்பு, இன்னொரு பக்கம் இங்கிலாந்துக்குக் கிரிக்கெட் பயணம். கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்துக் கப்பல் ஏறினார். ஹாக்கிக் கோஷ்டி தங்கம் வாங்கி வந்தது. இங்கிலாந்து போன கோபாலனுக்கோ ஒரு டெஸ்டில்கூட இடம் கொடுக்கவில்லை. அப்பாயி கேட்டிருந்தால் இதற்கும் ஒரு ‘அடப் பாவமே!’ கிடைத்திருக்கும்.

சரி, ஜெயித்த கதைக்கு வருகிறேன். இந்தியா டெஸ்ட் ஆடத் தொடங்கியது 1932-ல். இருபது வருஷம், இருபத்துநாலு ஆட்டம். ஒரு வெற்றி கிடையாது. இருபத்தைந்தாவது ஆட்டம் 1952 பிப்ரவரி 6-ஆம் தேதி சேப்பாக்கத்தில் ஆரம்பித்தது. அன்றைக்கே லண்டனிலிருந்து செய்தி வந்தது, ஆறாம் ஜார்ஜ் மன்னர் காலமானார் என்று. மறுநாளை ஓய்வு நாளாக மாற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு வினூ மன்காட் ஆடியதுதான் ஆட்டம். முதல் இன்னிங்ஸில் 55 ரன் கொடுத்து 8 விக்கெட், இரண்டாவதில் 53 ரன் கொடுத்து 4. விக்கெட்டுக்குப் பின்னால் நின்ற கல்கத்தா வாலிபர் சென், ஏமாந்து முன்னே வந்தவர்களை ஐந்து தடவை ஸ்டம்ப் செய்தார். பங்கஜ் ராய் 111, உம்ரிகர் அவுட்டாகாமல் 130. ஹஸாரே தலைமையில் இந்தியா ஓர் இன்னிங்ஸும் 8 ரன்னும் வித்தியாசத்தில் ஜெயித்தது.

இதைவிடப் பெரிய வெற்றி வேறென்ன வேண்டும்? ஆனாலும் வெற்றிலைத் தட்டைச் சுற்றி இருந்தவர்களில் ஒருவர்கூட இதை எடுக்கவில்லை. அதைப் பார்த்தவர்கள் இன்று நம்மிடையே மிகக் குறைவு என்பது ஒரு காரணம். எனக்கு இன்னொரு காரணமும் தோன்றுகிறது. ஜெயித்த ஆட்டம் கணக்கு முடிந்த நோட்டு மாதிரி. மடித்து வைத்துவிடலாம். தோற்றது அப்படியல்ல, மாதக் கடைசியில் நாலு ரூபாய் உதைக்கிற கணக்கு மாதிரி, திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்க்கத் தோன்றும். ‘அந்த ஒரு பந்தை விட்டிருந்தால்’, ‘அந்த ஒரு ரன் ஓடியிருந்தால்’ என்று ஜன்மத்துக்கும் கூட்டிக்கொண்டிருக்கலாம்.

இந்த இடத்தில் ஒரு சின்னத் திருத்தம். மன்காடும் பங்கஜ் ராயும் நியூஸிலாந்துக்கு எதிராக முதல் விக்கெட்டுக்கு 413 ரன் எடுத்து உலக சாதனை செய்ததைப் பலர் சேப்பாக்கத்தின் பேரில் எழுதிவிடுகிறார்கள். அது 1956 ஜனவரி. ஊர் சென்னைதான், மைதானம் வேறு. சென்ட்ரல் ரயிலடிப் பக்கத்துக் கார்ப்பரேஷன் ஸ்டேடியம், அதாவது நேரு ஸ்டேடியம். பத்து வருஷம் டெஸ்ட் ஆட்டங்கள் அங்கே போயிருந்தன. 1967 ஜனவரியில்தான் சேப்பாக்கத்துக்குத் திரும்பி வந்தன. திரும்பி வந்த முதல் நாளே எஞ்சினியர் மேற்கிந்தியப் பந்து வீச்சை நொறுக்கி, பகல் சாப்பாட்டுக்குள் 94 ரன் அடித்தார். ஸென்சுரிக்கு ஆறு குறைவு.

குறைவு என்றதும் விஸ்வநாத் ஞாபகம் வருகிறது. 1975 பொங்கல் சமயம். ஆண்டி ராபர்ட்ஸ் என்ற மேற்கிந்தியர் புயல் மாதிரிப் பந்து வீசி 7 விக்கெட் எடுத்தார். இந்தியாவின் மொத்த ஸ்கோரே 190. அதில் குள்ளமான, மிருதுவான விஸ்வநாத் மட்டும் 97! மூன்று ரன் இருந்தால் ஸென்சுரி. மறுமுனையில் கடைசி ஆள் அவுட்டாகிவிட்டார். எத்தனையோ பேர் சேப்பாக்கத்தில் நூறும் இருநூறும் அடித்திருக்கிறார்கள். ஆனால் ரஸிகர்கள் இன்றைக்கும் மனசுக்குள் வைத்துத் தாலாட்டுவது அந்தத் தொண்ணூற்றேழைத்தான். அந்த ஆட்டத்தில் இந்தியா 100 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது என்பதைப் பாதிப் பேர் மறந்தே போனார்கள்!

இப்போது அரியலூர் ஆசிரியரின் 1986.

செப்டம்பர் 18, வியாழக்கிழமை ஆரம்பித்த ஆட்டம். பொங்கல் குளிர் எங்கே, செப்டம்பர்ப் புழுக்கம் எங்கே! ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் அந்த வேக்காட்டில் எட்டு மணி நேரத்துக்கு மேல் நின்று 210 ரன் எடுத்தார். நடுவில் வாந்தி எடுத்தார், கால் இழுத்துக்கொண்டது. ‘முடியவில்லை, போகிறேன்’ என்றபோது காப்டன் பார்டர், ‘போ, போ, திடமான குவீன்ஸ்லாந்துக்காரன் ஒருவனை வரச் சொல்கிறேன்’ என்று சீண்டினாராம். பார்டர் அப்போது ஆடிவந்த சீமை குவீன்ஸ்லாந்து, ஜோன்ஸுடையது விக்டோரியா. ரோஷம் வந்து ஜோன்ஸ் நின்றுவிட்டார். அவுட்டானதும் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஸலைன் ஏற்றினார்கள். 2020-ல் அவர் பம்பாயில் காலமானபோது, உலகமெங்கும் எல்லாரும் முதலில் எழுதியது இந்தச் சேப்பாக்கத்து இன்னிங்ஸைத்தான்.

ஆசிரியர் சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் காலரியில் இருந்தார். ஆஸ்திரேலியா 574, இந்தியா, கபில்தேவின் 119 புண்ணியத்தில் 397, மறுபடி ஆஸ்திரேலியா ஞாயிறு மாலை 5 விக்கெட்டுக்கு 170. ஒரு நாள்தான் பாக்கி. ‘டிரா’தான் என்று எல்லாரும் நினைத்தார்கள், ஆசிரியரும் நினைத்தார். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் இருக்கிறது. எழும்பூருக்குப் போய் மீட்டர் கேஜ் ரயிலில் ஏறி, விடிவதற்குள் அரியலூர் வந்து சேர்ந்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை பார்டர் மேற்கொண்டு ஆடவில்லை. ‘இந்தாருங்கள், 348 எடுத்தால் ஜெயிக்கலாம்’ என்று ஆட்டத்தை இந்தியா கையில் கொடுத்துவிட்டார். கவாஸ்கர் 90 அடித்தார். மாலை ஆறு விக்கெட்டுக்கு 331; பதினேழு ரன் பாக்கி, கையில் நாலு விக்கெட். அப்புறம்தான் கலவரம். வரிசையாக மூன்று பேர் போய்விட்டார்கள். அந்தப் புழுக்கத்திலும் கிரெக் மாத்யூஸ் என்ற ஆசாமி கம்பளி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பந்து வீசினார்! கடைசி ஓவரில் நாலு ரன் வேண்டும். ரவி சாஸ்திரி இரண்டு எடுத்தார், பிறகு ஒன்று. இரு தரப்பும் சரிக்குச் சரி. மறுமுனைக்கு வந்தவர் மணிந்தர் சிங், பதினோராவது ஆள். மூன்று பந்து, ஒரு ரன். ஐந்தாவது பந்து காலில் பட்டது. அம்பயர் விக்ரம்ராஜு கை தூக்கிவிட்டார். பந்து முதலில் மட்டையில் பட்டது என்றார் மணிந்தர். விக்ரம்ராஜு அதற்குப் பிறகு எந்த டெஸ்டிலும் அம்பயராக நிற்கவில்லை.

‘டிரா’ என்பது வேறு, ‘டை’ என்பது வேறு. நேரம் போதாமல் நின்றால் டிரா. அது அடிக்கடி நடப்பது. கடைசி ஆளும் அவுட்டாகி, இரண்டு தரப்பின் மொத்தமும் ஒரு ரன்கூட வித்தியாசமில்லாமல் பொருந்தினால்தான் டை. இங்கே இரு பக்கமும் 744. இதுவரை நடந்திருக்கும் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஆண்கள் டெஸ்டுகளில் இரண்டே இரண்டுதான் டை. முதலாவது 1960-ல் பிரிஸ்பேனில். அதில் ஆடிய பாப் சிம்ஸன்தான் 1986-ல் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியரின் பயிற்சியாளராக உட்கார்ந்திருந்தார். இரண்டையும் அவர் கண்ணால் பார்த்துவிட்டார்!

ஆசிரியருக்குத்தான் ஒன்றே ஒன்றைப் பார்க்கும் பாக்கியமும் கைநழுவிப் போயிற்று. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கடைத்தெருவில் டீக்கடை ரேடியோவைச் சுற்றிக் கூட்டம். அதில் அவரும் ஒருவர். “கையில் டிபன் பாத்திரத்தோட நின்னேன் சார். நான் உக்காந்திருந்த எடம் அங்க காலியாத்தானே இருந்திருக்கும்? அதை நெனச்சா இன்னிக்கும் மனசு ஆறலே” என்றார். முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர் ஆறாத மனசோடு சொன்னார்; நான் சிரிக்கவில்லை.

அடுத்த வருஷம் 1987 அக்டோபர் 9, உலகக் கோப்பை. அதே மைதானம், அதே ஆஸ்திரேலியா. ஜோன்ஸ் அடித்த பந்து ஒன்று எல்லையைத் தாண்டியது. அம்பயர் நாலு என்றார். அது ஆறு என்று ஆஸ்திரேலியர் வாதாடினார்கள். இடைவேளையில் காப்டன் கபில்தேவ், ‘சரி, ஆறாகவே இருக்கட்டும்’ என்று ஒப்புக்கொண்டார். 268 என்பது 270 ஆயிற்று. இந்தியா 269-க்கு அவுட். கடைசியில் பௌல்டு ஆனவர் யார் தெரியுமா? அதே மணிந்தர் சிங்! ஒரு ரன்னில் தோல்வி. இந்த மனிதருக்குச் சேப்பாக்கத்தில் ஏதோ ராசிக் குறைவு இருந்திருக்க வேண்டும். கபில்தேவ் அந்த இரண்டு ரன்னைக் கொடுத்திருக்கவே கூடாது என்று சொல்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை. பந்து எங்கே விழுந்ததோ அதுதான் கணக்கு. எதிராளி எடுத்த ரன்னை மறைத்து வைத்து ஜெயிப்பது ஒரு ஜெயிப்பா?

1999-க்கு வருகிறேன். அது வெறும் ஆட்டமாக மட்டும் இருக்கவில்லை.

பாகிஸ்தான் டெஸ்ட் கோஷ்டி இந்தியாவுக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. வரக் கூடாது என்று சிலர் டில்லி மைதானத்தில் புகுந்து ஆடுதளத்தையே கொத்திப் போட்டார்கள். அதனால் முதல் டெஸ்ட் சென்னைக்கு மாறிற்று. எங்கு பார்த்தாலும் போலீஸ். ஜனவரி 28-ல் ஆரம்பித்த ஆட்டம் நாலாம் நாள் உச்சத்துக்குப் போயிற்று. ஜெயிக்க 271 வேண்டும்; 82-க்கு ஐந்து விக்கெட் போய்விட்டது. டெண்டுல்கரும் மோங்கியாவும் நின்றார்கள். டெண்டுல்கருக்கு முதுகு வலி. குனிய முடியவில்லை, நிமிர முடியவில்லை, அதோடு அடித்தார். 136 ரன் எடுத்து, இன்னும் பதினேழே ரன் பாக்கியிருக்கும்போது ஸக்லைன் முஷ்டாக்கின் பந்தைத் தூக்கி அடித்தார்; வாஸிம் அக்ரம் பிடித்துவிட்டார். மீதி மூன்று பேரும் சேர்ந்து நாலே ரன். 12 ரன்னில் இந்தியா தோற்றது. ஆட்ட நாயகன் பரிசு டெண்டுல்கருக்கு. அதை வாங்கிக்கொள்ளக்கூட அவர் வெளியே வரவில்லை. உள்ளே அழுதுகொண்டிருந்தார் என்று பின்னால் கேள்விப்பட்டோம்.

மைதானத்தில் ஒரு கணம் மௌனம். பிறகு யார் ஆரம்பித்தார்களோ, கைதட்டல் எழுந்தது. ஒரு பக்கத்துக் காலரி எழுந்து நின்றது, அடுத்தது நின்றது, எல்லாரும் நின்றார்கள். வாஸிம் அக்ரமும் அவர் ஆட்களும் முதலில் திகைத்து, பிறகு மைதானத்தைச் சுற்றி ஓடி வந்து அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டார்கள். வீட்டில் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்திருந்தவர்களிலும் பலர் அழுதுகொண்டே கைதட்டினார்கள்.

இது பெரிய விஷயமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மூன்றே வாரம் கழித்து, அதே பாகிஸ்தான் கோஷ்டி கல்கத்தாவில் ஆடியது. டெண்டுல்கர் ரன் அவுட்டானதில் ரஸிகர்களுக்கு ஆத்திரம். பாட்டில்கள் பறந்தன, கடைசி நாளில் போலீஸார் கூட்டத்தையே வெளியேற்றிவிட்டார்கள். ஒரு லட்சம் பேர் உட்காரக்கூடிய மைதானத்தில் ஒருவரும் இல்லாமல் பாகிஸ்தான் ஜெயித்தது. இதைச் சொல்வது கல்கத்தாவை இளக்காரம் செய்வதற்காக அல்ல. சேப்பாக்கத்துக் காலரியிலும் மகான்கள் உட்கார்ந்திருக்கவில்லை. 2018 ஏப்ரலில் காவிரிப் போராட்டம் கொதித்தபோது, அதே காலரியிலிருந்து ஆட்டக்காரர்களை நோக்கிச் செருப்பு பறந்தது. சென்னையின் மற்ற ஆட்டங்கள் புனாவுக்குப் போய்விட்டன. கைதட்டுவதும் செருப்பெறிவதும் ஒரே இடத்து மனிதர்கள் செய்யக் கூடியவைதான். அன்றைக்கு, அத்தனை போலீஸுக்கு நடுவே, அத்தனை ஏமாற்றத்துக்கு நடுவே, ஐம்பதாயிரம் கைகளும் எந்தப் பக்கமும் போயிருக்கலாம். எழுந்து நின்று தட்டின. அப்பாயி கேட்ட கேள்விக்கு நான் சொல்லக் கூடிய பதில் இதுதான். நம்மவர்கள் பெருமையாகப் பேசுவது தோற்றதை அல்ல; தோற்ற அந்த ஒரு நிமிஷத்தில் தாங்கள் என்ன செய்தோம் என்பதை.

மற்ற சாதனைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வீட்டில் பிள்ளைகள் கோபித்துக்கொள்வார்கள். 1983-ல் கவாஸ்கர் 236 எடுத்து, பிராட்மனின் இருபத்தொன்பது ஸென்சுரிக் கணக்கைத் தாண்டினார். 1988 பொங்கலுக்கு ஹிர்வானி என்ற கண்ணாடி போட்ட பிள்ளை, முதல் டெஸ்டிலேயே 136 ரன்னுக்கு 16 விக்கெட். அதே ஆட்டத்தில் கிரண் மோரே ஆறு ஸ்டம்பிங். 1997-ல் பாகிஸ்தானின் சயீத் அன்வர், ஒரு நாள் ஆட்டத்தில் 194. 2001-ல் ஹர்பஜன், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 15 விக்கெட். இரண்டே விக்கெட் மிச்சத்தில் வெற்றி. 2008-ல் சேவாக் 319. முன்னூறை 278 பந்தில் தொட்டார். 2016-ல் கருண் நாயர் அவுட்டாகாமல் 303. அடுத்த சில மாதத்தில் அவரை ஓரங்கட்டிவிட்டார்கள். மறுபடி டெஸ்ட் ஆட 2025 வரை காத்திருந்தார். 2024 செப்டம்பரில், உள்ளூர்ப் பிள்ளை அசுவின் பங்களாதேஷுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 113 ரன்னும் 6 விக்கெட்டும் எடுத்தார்.

ஆண்கள் உட்கார்ந்து சேப்பாக்கத்துச் சாதனை சொன்னால் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் ஒரே நாளில் அங்கே எடுக்கப்பட்ட மிகப் பெரிய ஸ்கோர் எது என்று கேட்டுப் பாருங்கள். சேவாக் பெயரைச் சொல்வார்கள். அது தப்பு.

2024 ஜூன் 28, வெள்ளிக்கிழமை. இந்தியப் பெண்கள் தென்னாப்பிரிக்கப் பெண்களோடு டெஸ்ட் ஆடினார்கள். முதல் விக்கெட்டுக்கு ஷபாலி வர்மாவும் ஸ்மிருதி மந்தானாவும் 292. பெண்கள் டெஸ்டில் அப்படி ஒரு தொடக்கம் அதற்கு முன் கிடையாது. மந்தானா 149. ஷபாலி 205, இருநூறை 194 பந்தில் எட்டினார். வயது இருபது! ஹரியானாவின் ரோத்தக் ஊரில், பெண்ணைச் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்று சொன்னதால் தலைமுடியைக் கத்தரித்துக்கொண்டு பையனைப் போலப் பையன்களோடு ஆடிப் பழகியவர் இந்தப் பெண். அவருக்கு முன் டெஸ்டில் இருநூறு அடித்த இந்தியப் பெண் ஒருவர்தான்: தமிழ்க் குடும்பத்தில் பிறந்த மிதாலி ராஜ், 2002-ல் இங்கிலாந்தில், 214. வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது இந்தியா 4 விக்கெட்டுக்கு 525. ஆணோ பெண்ணோ, எந்த டெஸ்டிலும் எவரும் ஒரே நாளில் அதற்கு முன் அத்தனை ரன் எடுத்ததில்லை. மறுநாள் 603-ல் நிறுத்தினார்கள். பெண்கள் டெஸ்டில் அறுநூறு என்பதே அதுதான் முதல் தடவை. ஸ்நேஹ் ராணா 77 ரன் கொடுத்து 8 விக்கெட் எடுத்தார்.

அந்தத் தென்னாப்பிரிக்கப் பெண்களையும் சொல்ல வேண்டும். 266-க்கு அவுட்டாகி, மறுபடி ஆடச் சொன்னார்கள். வேறு யாராக இருந்தாலும் அன்று மாலையே மூட்டை கட்டியிருப்பார்கள். லாரா வோல்வார்ட் 122, சூன் லூஸ் 109 என்று நின்று, நாலாம் நாள் வரை ஆட்டத்தை இழுத்து 373 எடுத்தார்கள். இன்னிங்ஸ் தோல்வியை ஒரு வழியாகத் தவிர்த்துவிட்டார்கள். இந்தியா ஜெயிக்க வெறும் 37 ரன். விக்கெட் இழக்காமல் முடித்தார்கள். ஒன்றேகால் வருஷம் கழித்து, 2025 நவம்பர் 2-ஆம் தேதி, இதே இரண்டு கோஷ்டிகள் நவி மும்பையில் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் சந்தித்தன. அன்றும் ஷபாலி 87. அன்றும் வோல்வார்ட் ஸென்சுரி போட்டுத் தோற்றார்.

உலகக் கோப்பையை எல்லாரும் பார்த்தோம். அந்தச் சேப்பாக்கத்து நாலு நாளைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? காலரியில் உட்கார்ந்து, வோல்வார்டின் இரண்டாவது இன்னிங்ஸை நேரில் பார்த்த சகோதரிகள் யாராவது இருந்தால், அவர் அவுட்டாகித் திரும்பி நடந்தபோது கூட்டம் என்ன செய்தது என்று எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.